குளிர்காலத்தில் இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் ஒரு காட்டேஜ்: வயதான பெற்றோருடன் தங்க எங்கே, எப்போது, எப்படி?

வெண்ணாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்) – செப்டம்பர் 28

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் லண்டனில் ஹாரோ பகுதியில் வசிக்கிறோம். தஞ்சாவூரிலிருந்து என் பெற்றோர் நவம்பர் நடுவில் வந்து பிப்ரவரி கடைசி வரை எங்களோடு இருக்கப் போகிறார்கள். அப்பாவுக்கு 71 வயது, சலிக்காமல் நடப்பார். அம்மாவுக்கு முழங்கால் வலி. படியேறுவதென்றால் கைப்பிடி வேண்டும். எங்கள் மகளுக்கு மூன்று வயது. ஆக ஐந்து பேர்.

லண்டனை மட்டுமே காட்டி அனுப்ப மனம் வரவில்லை. கிறிஸ்துமஸ் வாரத்தில் வடமேற்கு இங்கிலாந்தின் ஏரிகளும் மலைகளும் சூழ்ந்த லேக் டிஸ்ட்ரிக்டில் ஒரு கல்வீட்டை எடுத்து, கூரையில் பனியும் உள்ளே விறகுக் கணப்புமாக ஐந்தாறு நாள் இருந்துவிட்டு வரலாம் என்பது என் எண்ணம். இணையத்தில் பார்த்த வீடுகளில் பாதி போய்விட்டன, மீதியின் வாடகை மலைக்க வைக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் இடம், காலம், பயணம் பற்றிச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கற்சுவர் – செப்டம்பர் 28

வணக்கம். நான் கம்பிரியாவில் கெண்டல் பக்கம் பதினெட்டு ஆண்டுகளாக இருப்பவன். எனவே லேக் டிஸ்ட்ரிக்டின் மேல் எனக்குப் பற்று உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இருந்தும் உங்கள் திட்டத்தில் இரண்டு இடங்களில் மறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, பனி. கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டைகளில் பெய்யும் அளவுக்கு இந்த நாட்டில் கிறிஸ்துமஸ் அன்று பனி பெய்வதில்லை. நாடு முழுவதும் பரவலாகத் தரையில் பனி படிந்திருந்த கிறிஸ்துமஸ் என்று வானிலைத் துறை கணக்கில் வைத்திருப்பவை 1960க்குப் பிறகு 1981, 1995, 2009, 2010 ஆகிய நான்கு ஆண்டுகள்தாம். டிசம்பரைவிட ஜனவரி முதல் மார்ச் வரையே பனிக்கு வாய்ப்பு அதிகம். லேக் டிஸ்ட்ரிக்டில் டிசம்பரில் உறுதியாகக் கிடைப்பது மழை. போரோடேல் பள்ளத்தாக்கிலுள்ள சீத்வெயிட் என்ற சிற்றூரில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் பெய்கிறது. இங்கிலாந்தில் மக்கள் வசிக்கும் ஊர்களில் அதைவிட ஈரமான ஊர் இல்லை என்பார்கள்.

இரண்டாவது, வெளிச்சம். இதைத்தான் வெளியிலிருந்து வருபவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. டிசம்பர் 21 அன்று லண்டனில் சூரியன் காலை 8.04க்கு எழுந்து மாலை 3.53க்கு விழுகிறது. கெஸ்விக்கில் பகல் அதைவிட அரை மணி நேரத்துக்கு மேல் குறைவு. மொத்தமே ஏழேகால் மணி நேரம். பள்ளத்தாக்கின் வடக்கு நோக்கிய சரிவில் வீடு அமைந்துவிட்டால் அந்த ஏழேகாலிலும் பெரும்பகுதி மலை நிழலில் போய்விடும். ஆகவே ஒரு நாளின் இருபத்துநான்கு மணி நேரத்தில் பதினேழு மணி நேரம் நீங்கள் வீட்டுக்குள்தான் இருக்கப் போகிறீர்கள். கோடையில் காட்டேஜ் என்பது படுத்து எழும் இடம் மட்டுமே. குளிர்காலத்திலோ சுற்றுலாவே அந்த வீடுதான். ஊரைத் தேடிவிட்டு அதற்குள் வீட்டைத் தேடாதீர்கள். வீட்டைத் தேடுங்கள், அது எந்த ஊரில் கிடைக்கிறதோ அந்த ஊருக்குப் போங்கள்.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் பெரும்பாலான உரிமையாளர்கள் முழு வாரமாக மட்டுமே கொடுப்பார்கள். வாடகையும் ஆகஸ்ட் மாதத்துக்கு நிகராக இருக்கும். ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து பிப்ரவரிப் பள்ளி விடுமுறைக்கு முன்பு வரை ஆண்டிலேயே மிகக் குறைந்த வாடகை. வெள்ளி முதல் திங்கள் வரை மூன்று இரவு, அல்லது திங்கள் முதல் வெள்ளி வரை நான்கு இரவு என்று பிரித்துக் கொடுப்பார்கள். பல இடங்களில் இரண்டுக்கும் வாடகை ஒன்றே. உங்கள் மகளுக்கு இன்னும் பள்ளி வயது வராதது உங்களுக்குப் பெரிய வசதி. ஐந்து வயது கடந்துவிட்டால் பள்ளி நாட்களில் அழைத்துச் செல்வதற்கு அபராதம் கட்ட நேரும்.

நெடுந்தீவான் – செப்டம்பர் 29

கற்சுவர் சொல்வதில் வெளிச்சத்தைப் பற்றிய பகுதி முழுக்கச் சரி. ஆனால் குளிர்காலம் என்றதும் எல்லோரும் மலையை நோக்கி ஓடுவது ஏன் என்று எனக்கு விளங்குவதில்லை. நான் 1989இல் இந்த நாட்டுக்கு வந்தேன். பத்துப் பன்னிரண்டு குளிர்காலங்களில் வடக்கு நார்ஃபோக் கடற்கரைக்குத்தான் போயிருக்கிறேன். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதி மழை குறைந்த பகுதி, நிலம் தட்டையானது, முழங்கால் வலி உள்ளவர்கள் கடலோரப் பாதையில் அரை மணி நேரம் தாராளமாக நடக்கலாம். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து அந்தப் பக்கத்துக் கிங்ஸ் லின்னுக்கு நேர் ரயிலே உண்டு, இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

குளிர்காலத்தில் மட்டுமே பார்க்கக்கூடியவை அங்கே இரண்டு உண்டு. பிளேக்னி முனையில் சாம்பல் நிறக் கடல்நாய்கள் நவம்பர் முதல் ஜனவரி வரை குட்டி போடும். ஹோல்கம், ஸ்நெட்டிஷம் பக்கத்தில் ஐஸ்லாந்திலிருந்தும் கிரீன்லாந்திலிருந்தும் வந்து தங்கும் இளஞ்சிவப்புக் கால் வாத்துகள் விடியற்காலையில் ஆயிரக்கணக்கில் கடலிலிருந்து வயல்களை நோக்கிப் பறக்கும். அந்த ஓசையை முதன்முதலில் கேட்டபோது, தீவில் மாரி காலத்தில் பறவைகள் வந்து இறங்கும் சத்தம் நினைவுக்கு வந்து நான் காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். சரி, அது என் கதை.

குறையையும் சொல்ல வேண்டும். வடகடலிலிருந்து வரும் காற்று எலும்புக்குள் புகும். தாழ்வான கடலோரம் என்பதால் வெள்ள எச்சரிக்கையையும் பார்க்க வேண்டும். 2013 டிசம்பர் 5 இரவில் கடல் பொங்கி வந்ததை அந்தப் பக்கத்தார் இன்னும் பேசுவார்கள்.

மாலை நான்கு மணி – செப்டம்பர் 29

வீட்டைத் தேடுங்கள் என்று கற்சுவர் சொன்னதற்கு ஓர் உதாரணமாக எங்கள் கதையைச் சொல்கிறேன். எந்த வீடு, யாருடைய வீடு என்பது வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஜனவரியில் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் பதினேழாம் நூற்றாண்டுக் கல்வீடு ஒன்றை எடுத்தோம். படங்களில் தேன் நிறச் சுவர், தாழ்ந்த உத்தரம், சன்னலோர இருக்கை என்று கண்ணைப் பறித்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு உள்ளே நுழைந்தால் வெளியே இருந்ததைவிட உள்ளே குளிர் அதிகம். முந்தைய வாரம் யாரும் தங்காததால் ஹீட்டர் நான்கைந்து நாட்களாக அணைந்தே கிடந்திருக்கிறது. அரை மீட்டருக்கு மேல் தடிமனான கல்சுவர் ஒருமுறை குளிர்ந்துவிட்டால் சூடேற ஒரு முழு நாள் வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பழமை காரணமாகப் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் சன்னல்களுக்கு ஒற்றைக் கண்ணாடிதான். இரட்டைக் கண்ணாடி போட அனுமதி எளிதில் கிடைக்காது. சனிக்கிழமை இரவுதான் வீடு சூடானது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கோட்டைக் கழற்றினோம். திங்கள் காலை பத்து மணிக்குச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

அதனால் மூன்று இரவுக்குப் போகவே போகாதீர்கள், நான்கு இரவு எடுங்கள். நீங்கள் வருவதற்கு முந்தைய நாளே ஹீட்டரைப் போட்டு வைக்கும்படி உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

வெண்ணாற்றங்கரை – அக்டோபர் 1

உங்கள் மூவருக்கும் நன்றி. கிறிஸ்துமஸை விட்டுவிட்டோம், ஜனவரிக் கடைசி வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அம்மாவுக்குக் கடற்காற்று ஒத்துக்கொள்ளாது என்பதால் நார்ஃபோக்கைத் தயக்கத்தோடு ஒதுக்குகிறேன். அப்பா மலை பார்க்க வேண்டும் என்கிறார்.

அடுத்த கேள்வி கார். எங்களிடம் சொந்தக் கார் இல்லை. வாடகைக்கு எடுத்தால் நானும், அப்போது இங்கே இருக்கப் போகும் மைத்துனரும் மாறி மாறி ஓட்டலாம். அவரிடம் இந்திய ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. குளிர்காலத்தில் கிராமச் சாலைகள் எப்படி இருக்கும்?

கற்சுவர் – அக்டோபர் 1

இந்திய உரிமத்தோடு பன்னிரண்டு மாதங்கள் வரை இங்கே ஓட்டலாம், சட்டத்தில் தடையில்லை. வாடகை நிறுவனமும் காப்பீடும் ஏற்றுக்கொள்கின்றனவா என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இங்குள்ள குளிர்காலச் சாலையில் முதல் முறையாக ஓட்டுபவர் கையில் ஐந்து பேரை ஒப்படைப்பது வேறு விஷயம்.

ஐரோப்பாவின் சில நாடுகளைப் போல இங்கே குளிர்கால டயர் கட்டாயமில்லை. வாடகைக் கார் பெரும்பாலும் சாதாரண டயரோடுதான் வரும். பிரதான சாலைகளுக்கு இரவில் உப்பு தூவும் வண்டி வரும். உங்கள் காட்டேஜுக்குத் திரும்பும் கடைசி ஒரு மைலுக்கு வராது. அந்த ஒரு மைல்தான் ஒற்றை வண்டித்தடமாக, இருபுறமும் கற்சுவரோடு, எதிரே வண்டி வந்தால் பின்னுக்கு எடுத்து ஒதுங்க வேண்டியதாக இருக்கும். மரநிழல் விழும் வளைவில் மதியம் வரை உருகாத பனிக்கட்டிப் படலம் கிடக்கும். ஈரச் சாலை என்று நினைத்துக்கொண்டு பிரேக்கை மிதிப்பீர்கள், வண்டி கேட்காது.

எங்கள் பகுதியில் ஹார்ட்நாட் கணவாய் மூன்றுக்கு ஒன்று என்ற சரிவு, அதாவது மூன்றடி போனால் ஓரடி ஏறும். குளிர்காலத்தில் அதற்கு உப்பு தூவுவதே இல்லை. ஆம்பிள்சைடிலிருந்து 454 மீட்டர் உயரத்திலுள்ள கிர்க்ஸ்டோன் கணவாய்க்கு ஏறும் சாலைக்கே ‘போராட்டம்’ என்றுதான் உள்ளூர்ப் பெயர். வழிகாட்டிச் செயலிக்கு இதெல்லாம் தெரியாது. தூரம் குறைவு என்பதற்காக அது உங்களை அந்தப் பக்கம் ஏற்றிவிடும். கிராமத்தில் ஒரே அஞ்சல் குறியீட்டுக்குள் இரண்டு மூன்று மைல் பரப்பில் சிதறிய பண்ணைகள் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். உரிமையாளர் அனுப்பும் வழிக்குறிப்பை அச்சிட்டு எடுத்துப் போங்கள். கைபேசிச் சமிக்ஞை எந்த வளைவில் போகும் என்று சொல்ல முடியாது.

புயலும் உண்டு. 2015 டிசம்பர் தொடக்கத்தில் டெஸ்மண்ட் புயலின்போது ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. கிராஸ்மியரையும் கெஸ்விக்கையும் இணைக்கும் ஏ591 சாலை அடித்துப் போய், அடுத்த மே மாதம்தான் திறந்தது. 2021 நவம்பர் இறுதியில் ஆர்வன் புயல் வந்தபோது வடக்கில் ஒரு வாரத்துக்கு மேல் மின்சாரமில்லாமல் இருந்த வீடுகள் பல. அதே புயலில்தான் யார்க்‌ஷயரில் 528 மீட்டர் உயரத்தில் இருக்கும் டான் ஹில் பப்பில், இசை கேட்க வந்த அறுபது பேர் பனியில் சிக்கி மூன்று இரவு தரையில் படுத்திருந்தார்கள். அவர்களுக்கு அது கொண்டாட்டமாக முடிந்தது. உணவும் மதுவும் இசைக்குழுவும் உள்ளேயே இருந்தன. மாத்திரை முடிந்துபோன வயதானவர் ஒருவர் தனி வீட்டில் சிக்கினால் அது கொண்டாட்டமாக இருக்காது. எதற்கும் பெற்றோரின் மருந்தை ஒரு வாரத்துக்கு அதிகமாகவே எடுத்துச் செல்லுங்கள். மின்சாரம் போனால் 105 என்ற எண்ணை அழைத்தால் போதும், கட்டணமில்லை.

தண்டவாளம் – அக்டோபர் 2

காரே வேண்டாம் என்று சொல்ல வந்தேன். லேக் டிஸ்ட்ரிக்டுக்கு ரயில் உண்டு: லண்டன் யூஸ்டனிலிருந்து ஆக்ஸன்ஹோம் வரை இரண்டே முக்கால் மணி நேரம், அங்கே மாறி விண்டர்மியருக்குக் கிளை ரயிலில் இருபது நிமிடம். ஆனால் வயதானவர்களும் குழந்தையும் இருக்கும்போது நான் பரிந்துரைப்பது பீக் டிஸ்ட்ரிக்டின் ஹோப் பள்ளத்தாக்கு. 1951இல் இந்த நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது பீக் டிஸ்ட்ரிக்ட்தான். செயின்ட் பான்கிராஸிலிருந்து ஷெஃபீல்டுக்கு இரண்டு மணி நேரம்; அங்கிருந்து மான்செஸ்டர் போகும் நின்று நின்று செல்லும் ரயிலில் இருபது நிமிடத்தில் ஹாதர்சேஜ். அதே பாதையில் பாம்ஃபோர்ட், ஹோப், ஈடேல் என்று அடுத்தடுத்து நிலையங்கள். மலை மேல் ஏறாமலே மலைக்கு நடுவில் போய் இறங்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. பள்ளத்தாக்கின் தலைப்பகுதியிலுள்ள காசில்டன் ஊருக்கு மேற்கிலிருந்து வரும் பெரிய சாலை மாம் டோர் மலைச்சரிவு ஓயாமல் நழுவியதால் 1979இல் கைவிடப்பட்டது. இப்போது அந்தப் பக்கமாக வரும் கார்கள் வின்னட்ஸ் கணவாயின் குறுகலான செங்குத்தில் இறங்க வேண்டும். வடக்கே ஸ்நேக் கணவாய்ச் சாலை, பனி விழுந்தால் முதலில் மூடப்படும் சாலைகளில் ஒன்று. ஆனால் கிழக்கிலிருந்து, அதாவது ஹாதர்சேஜ் பக்கமிருந்து, ஆற்றோடு ஒட்டி வரும் வழி ஏறக்குறைய சமதளம். ஷெஃபீல்டிலிருந்து காசில்டனுக்கு அந்த வழியாகப் பேருந்தும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமையில் பயணம் வைக்காதீர்கள். தண்டவாளப் பணிக்காக ரயிலுக்குப் பதில் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். இவ்வளவு எழுதுகிறேனே தவிர, கிறிஸ்துமஸ் அன்று ரயிலே ஓடாது என்பது தெரியாமல் ஒரு முறை பெட்டியோடு நிலையத்துக்குப் போனவன் நான்.

ஈஸ்ட்ஹாம் அடுப்படி – அக்டோபர் 2

வீடு, சாலை, ரயில் எல்லாம் பேசிவிட்டீர்கள்; சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கிராமத்துப் பப்பில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துப் போகிறவர்கள் ஜனவரியில் ஏமாறுவார்கள். பல பப்களில் அந்த மாதத்தில் திங்கள், செவ்வாய் விடுமுறை. ஞாயிறு மதியத்தோடு அடுப்பை அணைத்துவிடுவார்கள். மற்ற நாட்களிலும் இரவு எட்டு, எட்டரைக்குப் பிறகு சமையலறை மூடிவிடும். சைவம் சாப்பிடுபவர்களாக இருந்தால் சீஸ் போட்ட ஏதோ ஒன்றுதான் நான்கு நாளும். அதனால் சமைக்கும் எண்ணத்தோடு போங்கள். அரிசி, பருப்பு, புளி, பொடிகள், சின்ன குக்கர், தோசைக்கல் எல்லாம் பெட்டியில் இருக்கட்டும். அந்த வீட்டுக் கத்திகள் ஒன்றும் வெட்டாது, ஒரு கத்தியும் எடுத்துக்கொள்ளுங்கள். பாலும் காய்கறியும் பல்பொருள் அங்காடியிலிருந்து காட்டேஜுக்கே வரவழைக்கலாம், ஒரு வாரம் முன்பே நேரத்தைப் பதிவு செய்துவிட வேண்டும்.

அடுப்பு என்ன வகை என்றும் கேட்டுவிடுங்கள். சில பண்ணை வீடுகளில் ஆகா என்னும் வார்ப்பிரும்பு அடுப்பு இருக்கும். எப்போதும் சூடாக இருக்கும், சமையலறையே கதகதப்பாக இருக்கும். ஆனால் சூட்டைக் கூட்டிக் குறைக்கத் திருகு கிடையாது. தாளிக்கும்போது பாத்திரத்தை நகர்த்தித்தான் சமாளிக்க வேண்டும்.

இட்லி மாவு ஆட்டி எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. பழைய வீடுகளில் சுடுநீர்த் தொட்டியைச் சுற்றி, துணி உலர்த்துவதற்கென்று மரச்சட்டத் தட்டுகள் வைத்த அலமாரி ஒன்று இருக்கும். வீட்டிலேயே அதுதான் சூடான இடம். மாவுப் பாத்திரத்தைத் துண்டில் சுற்றி அதற்குள் வையுங்கள். உரிமையாளர் கேட்டால் ரொட்டி மாவு என்று சொல்லிக்கொள்ளலாம்.

வெண்ணாற்றங்கரை – அக்டோபர் 6

ஹோப் பள்ளத்தாக்கு என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டு வீடுகள் கையில் இருக்கின்றன. ஒன்று ஊருக்கு வெளியே முக்கால் மைல் தள்ளி, மலைச்சரிவில் தனியாக நிற்கும் பண்ணைக் கொட்டகையை மாற்றிக் கட்டியது. காட்சி அபாரம், வெளியே வெந்நீர்த் தொட்டியும் உண்டு. இன்னொன்று காசில்டன் ஊருக்குள், பின்தெருவில், ஓடை ஓரத்தில் ஒட்டியபடி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்று. காட்சி என்று சொல்ல எதிர்வீட்டுப் புகைபோக்கிதான். வாடகையில் பெரிய வித்தியாசமில்லை. மனைவி முதலாவதைச் சொல்கிறார். பணம் கட்டுமுன் உரிமையாளரிடம் என்ன கேட்க வேண்டும்?

கற்சுவர் – அக்டோபர் 6

மாலை நாலரைக்கு இருட்டிவிட்டால் இரண்டு வீட்டின் சன்னலிலும் தெரியப்போவது உங்கள் முகம்தான். ஊருக்குள் இருப்பதை எடுங்கள். இருபுறமும் வீடுகள் ஒட்டி நிற்பதால் அது எளிதில் குளிராது. கார் இல்லாத உங்களுக்குக் கடையும் பேருந்து நிறுத்தமும் நடக்கும் தூரத்தில் கிடைக்கும். அம்மா தனியாகக் கூட வெளியே ஒரு நடை போய்வரலாம். தனி வீட்டில் நாலே முக்காலுக்கு மேல் வாசற்படி தாண்ட டார்ச் வேண்டும்.

கேட்க வேண்டியவற்றை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஹீட்டர் எதில் ஓடுகிறது என்பதே முதல் கேள்வி. கிராமப்புறத்தில் பல வீடுகளுக்குக் குழாய் எரிவாயு இல்லை. தோட்டத்து மூலையில் ஒரு தொட்டியில் மண்ணெண்ணெய் நிரப்பி பாய்லரை ஓட்டுவார்கள், அல்லது இரவு மின்சாரத்தில் சூடேறிப் பகலில் மெதுவாக வெளிவிடும் செங்கல் ஹீட்டர் வைத்திருப்பார்கள். பின்னது மாலைக்குள் ஆறிவிடும், வயதானவர்களுக்கு உதவாது. எரிபொருள் செலவு வாடகையில் அடக்கமா, தெர்மோஸ்டாட்டை நாமே திருப்பலாமா, இரவில் தானாக அணைந்துவிடுமா என்று கேளுங்கள். அம்மாவுக்காகப் படிகளைப் பற்றியும் விவரமாகக் கேளுங்கள். பழைய காட்டேஜ்களில் மாடிப்படி ஏணி போலத்தான் இருக்கும், ஒரு பக்கம் கயிறுதான் கைப்பிடி. குளியலறை ஒரு மாடியிலும் படுக்கை வேறு மாடியிலும் இருக்கும். தரைத்தளத்தில் ஒரு படுக்கையும் கழிப்பறையும் இருக்கிறதா? வாசல் நிலை எவ்வளவு தாழ்வு? அப்பா உயரமானவர் என்றால் முதல் நாளே நெற்றியில் வாங்கிக்கொள்வார்.

பணம் கட்டுமுன் ஒப்பந்தத்தை ஒரு முறை முழுக்கப் படியுங்கள். இணையத்தில் பொருள் வாங்கினால் பதினான்கு நாட்களுக்குள் திருப்பித் தரலாம் என்ற உரிமை, குறிப்பிட்ட தேதிக்குப் பதிவு செய்யும் தங்குமிடத்துக்குச் செல்லாது. முன்பணம் போனால் போனதுதான். பனியால் நீங்கள் வந்து சேர முடியாமல் போய், வீடு நல்ல நிலையில் திறந்தே இருந்தால், பெரும்பாலான ஒப்பந்தங்களில் அது உங்கள் நட்டம். பயணக் காப்பீட்டில் வானிலை அடங்குமா என்று பார்த்து, பதிவு செய்யும் அன்றே எடுத்துவிடுங்கள்.

மாலை நான்கு மணி – அக்டோபர் 7

விறகுக் கணப்பைப் பற்றி நான் சேர்த்துச் சொல்கிறேன், ஏனெனில் நாங்கள் முதல் இரவு முழுக்கப் புகையில் உட்கார்ந்திருந்தவர்கள். நம் ஊர் விறகடுப்பு ஊதத் தெரிந்தவருக்கும் இந்த இரும்புப் பெட்டி வேறு சாதி. காற்றுத் திருகுகள் இரண்டையும் முழுக்கத் திறந்து வைத்து, கட்டைகளை அடியிலும் சுள்ளியை மேலேயும் அடுக்கி, உச்சியில் பற்ற வையுங்கள். தீ மேலிருந்து கீழே இறங்க வேண்டும். முதல் கால் மணி நேரம் கதவை ஒரு விரல் அளவு திறந்தே வைத்திருந்தால் புகைபோக்கி சூடாகி இழுக்கத் தொடங்கும். பிறகு கதவைச் சாத்தி, கீழ்த் திருகை மூடி, மேல் திருகால் மட்டும் தீயைக் கட்டுப்படுத்துங்கள். கண்ணாடி கறுத்தால் விறகு ஈரம் என்று பொருள். 2021 மே முதல் இங்கிலாந்தில் சிறு கட்டுகளாக விற்கும் விறகில் ஈரம் இருபது விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். ஆகவே கடையில் முத்திரையோடு விற்கும் கட்டையை வாங்குங்கள். கொட்டகையில் கிடப்பதை நம்பாதீர்கள். உரிமையாளர் இலவசமாக வைக்கும் ஒரு கூடை ஒரு மாலைக்குத்தான் வரும்.

படுக்கப் போகுமுன் தீயை அமுக்கி வைப்பதற்காகக் காற்றை முழுக்க அடைக்காதீர்கள். கணப்பு இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று போனதும் பார்த்து, பொத்தானை அழுத்திச் சோதித்துவிடுங்கள். குழந்தைக்காகக் கணப்பின் முன் வைக்கும் கம்பித் தடுப்பையும் கேளுங்கள், சொன்னால்தான் கொடுப்பார்கள்.

நெடுந்தீவான் – அக்டோபர் 7

நார்ஃபோக்கை ஒதுக்கியதில் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் ஊருக்குள் இருக்கும் வீடு என்பது சரியான முடிவு. தம்பி, மனைவிக்கு அந்த வெந்நீர்த் தொட்டி ஆசை இருந்தால் ஜனவரி இரவில் அதிலிருந்து வெளியே வந்து ஈரத்தோடு வாசல் வரை நடக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

வெண்ணாற்றங்கரை – பிப்ரவரி 4

போய் வந்துவிட்டோம். இந்த இழையில் உதவியவர்களுக்கு விவரம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

காசில்டன் பின்தெரு வீட்டைத்தான் எடுத்தோம். ஞாயிறு மதியமே ஹீட்டரைப் போட்டுவிடுவதாக உரிமையாளர் பதில் எழுதியிருந்தார். திங்கள் மாலை நான்கரைக்குக் கதவைத் திறந்தபோது சுவரில் கை வைத்துப் பார்த்தேன், சுவரே வெதுவெதுப்பாக இருந்தது. அம்மாவின் முகம் தெளிந்ததும் அந்த நிமிடம்தான். படி மட்டும் கற்சுவர் சொன்னதைப் போல ஏணிதான்; அம்மா கீழ் அறையில் படுத்துக்கொண்டார். அப்பா இரண்டு முறை நிலையில் இடித்துக்கொண்டார்.

பனி விழவில்லை. முதல் இரண்டு நாளும் மூடுபனி. பள்ளத்தாக்கு முழுவதும் பால் கொட்டியது போல, எதிர்வீட்டுப் புகைபோக்கிகூடத் தெரியவில்லை. புதன்கிழமை காலை எட்டரைக்கு, என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று அப்பாவும் நானும் கைவிடப்பட்ட அந்தப் பழைய சாலை வழியாக மாம் டோருக்கு ஏறத் தொடங்கினோம். சாலை பாளம் பாளமாகப் பிளந்து, ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்ட தார் அடுக்குகள் பாறைப் படிவம் போலத் தெரிகின்றன; நடுவில் வெள்ளைக் கோடு ஓரிடத்தில் அறுந்து, முழங்கால் உயரம் கீழே இறங்கித் தொடர்கிறது. பொதுப்பணித் துறையில் முப்பது ஆண்டுகள் சாலை போட்ட அப்பா அங்கேயே குந்தி உட்கார்ந்து ஒவ்வோர் அடுக்கையும் விரலால் அளந்தார். எத்தனை முறை மேலே போட்டாலும் அடிமண் கேட்காது என்று மட்டும் சொன்னார். முக்கால் மணி நேரம் ஏறியதும் திடீரென்று தலை மேகத்துக்கு வெளியே வந்தது. 517 மீட்டர் உச்சியில் வெயில். கீழே பள்ளத்தாக்கு இருந்த இடத்தில் வெண்மேகம் ஒரு குளம் போல அசையாமல் கிடந்தது. அதற்கு நடுவே ஹோப் சிமெண்ட் ஆலையின் ஒற்றைப் புகைபோக்கி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. உச்சியில் பதித்த கற்பாளங்களில் உறைபனி வழுக்கியதால் இறங்கும்போது புல்லோரமாகவே வந்தோம்.

அம்மா மலையும் ஏறவில்லை, அந்த ஊர்க் குகைகளையும் பார்க்கவில்லை. ஓடைப் பாலம் வரை தினமும் இரண்டு நடை, வாத்துகளுக்கு வணக்கம், பிறகு கணப்பின் முன்னால் பேத்தியோடு பல்லாங்குழி. நான்கு நாளில் மூன்று நாள் விறகை நானல்ல, அவர்தான் பற்ற வைத்தார். மேலிருந்து பற்ற வைக்க வேண்டும் என்று படித்துக் காட்டினேன். தீ எந்தக் காலத்திலடா கீழே இறங்கியது என்று கேட்டுவிட்டு, செய்து பார்த்து, பிறகு ஒன்றும் பேசவில்லை.

மாவு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். திங்கள் இரவு வைத்தது செவ்வாய் காலை அப்படியே இருந்தது, புதன்கிழமைதான் பொங்கியது. வெள்ளிக்கிழமை கிளம்பும்போது மேசை மேலிருந்த விருந்தினர் குறிப்பேட்டில் அம்மா தமிழில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். “சுடுநீர் அலமாரியில் மாவை மேல்தட்டில் வைக்கவும். கீழ்த்தட்டில் சூடு போதாது.”

ஈஸ்ட்ஹாம் அடுப்படி – பிப்ரவரி 4

மேல்தட்டு என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். அந்த வீட்டின் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்ப முடியுமா?